கவலைகளின் நடுவே விழித்திருப்பது எப்படி?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "ஐயா, வேலையிலும் வீட்டிலும் ஓயாத நெருக்கடி. முழங்காலில் நின்றால் சிந்தை எங்கெங்கோ ஓடுகிறது. வேதத்தைத் திறந்தால் கை மொபைலைத் தேடுகிறது. 'விழித்திருங்கள்' என்று ஆண்டவர் சொன்னாரே, நான் விசுவாசத்தைவிட்டு விலகி, பின்மாற்றத்தில் விழுந்துவிட்டேனா?"

அவசரப்பட்டு உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள், சகோதரி. இயேசு பிடிக்கப்பட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில், விழித்திருக்கும்படி அவர் சொல்லியிருந்தும் சீஷர்களான பேதுருவும் யாக்கோபும் யோவானும் தூங்கிவிட்டார்கள். அசட்டையால் தூங்கினார்கள் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருப்போம். லூக்கா 22:45-ஐ எடுத்துப் பாருங்கள். அவர்கள் "துக்கத்தினாலே" நித்திரைபண்ணினார்கள் என்று இருக்கிறது. மனபாரமும் மனிதனைத் தூங்கவைக்கும். அதற்கு முந்தின அதிகாரத்தில், 21:34-ல், இருதயத்தைப் பாரமாக்குகிறவை எவை என்று ஆண்டவர் சொல்லும்போது, பெருந்திண்டி, வெறி (அதாவது குடிவெறி) ஆகியவற்றோடு லவுகீக கவலைகளையும் ஒரே வரியில் வைக்கிறார். நாமோ குடிக்கிறவரைக் கண்டிக்கிறோம். எந்நேரமும் கவலைப்படுகிறவரைப் பொறுப்பானவர் என்று மெச்சுகிறோம்!

அன்று தூங்கிய பேதுருதான் பிற்பாடு "விழித்திருங்கள்" என்று எழுதுகிறார், 1 பேதுரு 5:8-ல். கெர்ச்சிக்கிற சிங்கத்தைப் பற்றிய அந்த வசனத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதற்கு முந்தின வசனம் என்ன? "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." வரிசையைக் கவனியுங்கள். முதலில் கவலையை இறக்கிவைக்கச் சொல்கிறார், பிறகுதான் விழித்திருக்கச் சொல்கிறார். பாரத்தைச் சுமந்துகொண்டே விழிப்பாயிருக்கப் பார்ப்பதால்தான் நாம் களைத்துப்போகிறோம்.

பேதுரு இதை வாழ்ந்தும் காட்டினார். அப்போஸ்தலர் 12-ல் ஏரோது ராஜா யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிட்டான், அடுத்தது பேதுரு. மறுநாள் வெளியே கொண்டுவரப்போகிறான். அந்த இரவில் பேதுரு இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர்களுக்கு நடுவே நித்திரைபண்ணிக்கொண்டிருந்தார். தூதன் விலாவில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது! சபையோ அவருக்காக ஊக்கத்தோடே ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தது. கெத்செமனேயில் தூங்கியவரை ஆண்டவர் கடிந்துகொண்டார். இந்தத் தூக்கத்தை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

அதனால், ஜெபத்தில் சிந்தை கடன் தவணைக்கு ஓடுகிறதா, மேலதிகாரி சொன்ன வார்த்தைக்கு ஓடுகிறதா? அதைத் துரத்திக்கொண்டிருக்காமல், அதையே ஜெபக்குறிப்பாக்கிவிடுங்கள். "ஆண்டவரே, இந்தத் தவணைதான் என் பாரம்" என்று பெயர் சொல்லியே ஒப்புக்கொடுங்கள். பத்து முறை ஓடினால் பத்து முறை ஒப்புக்கொடுங்கள்.

மொபைல் விஷயம் வேறு. அதற்கு ஜெபம் மட்டும் போதாது. நெகேமியா 4:9-ல், எதிரிகளின் மிரட்டலுக்கு நடுவே எருசலேமின் மதிலைக் கட்டியவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். ஜெப நேரத்தில் மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு, அச்சடித்த வேதாகமத்தையே கையில் எடுங்கள்.

இன்னொன்று, உங்கள் சரீரத்தையும் கவனியுங்கள். 1 இராஜாக்கள் 19-ல் 'போதும், சாகிறேன்' என்று சோர்ந்துபோன எலியா தீர்க்கதரிசியைத் தூதன் கண்டிக்கவில்லை. சாப்பிட வைத்தான், மறுபடியும் படுத்தபோது தூங்கவிட்டான், பிறகு மீண்டும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் எலியாவின் குறையை விசாரித்தது ஓரேப் மலையில், அதற்கெல்லாம் பின்பு. ஆகவே, இரவில் கண் சொருகும்போது நீண்ட ஜெபத்துக்காக உங்களை வருத்திக்கொள்ளாமல், சுருக்கமாக ஜெபித்துவிட்டுப் படுங்கள். வாரக்கணக்கில் தூக்கமே வராமல் மனம் இருண்டுகிடந்தால் மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல.