கனடா போகுமுன் வேர்க் பெர்மிட் கணக்கை அட்டனிலேயே பார்த்துவிடுங்கள்

[காட்சி: அட்டன் பஸ் நிலையம். மழை. எதிரே மாடிப்படி.]

வணக்கம். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுனுக்குப் போனாலும் "கனடாவில் படிக்கலாம்" என்று ஒரு போர்டு கண்ணில் படும். அந்தப் படியில் ஏறும் அம்மாமாரின் கையில் ஒரு சொப்பிங் பேக் இருக்கும். பிள்ளையின் ஏ.எல். சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த நகை அடகுச் சீட்டு. மலையில் கொழுந்து பறித்துச் சேர்த்த ஈ.பி.எஃப். காசும் சில வீடுகளில் இதற்குத்தான் போகிறது.

அந்தக் கடனை அடைக்க எல்லோரும் நம்பியிருப்பது படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வேர்க் பெர்மிட்டை. அது கிடைக்குமா, எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்பதோ, கல்லூரியைத் தெரிவு செய்யும் அன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கட்டிய பீஸ் திரும்பி வராது. அதனால் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

முதலில், இது என்ன பெர்மிட்? கையில் இருந்தால் எந்த முதலாளியிடமும் முழுநேரம் வேலை செய்யலாம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் தருவார்கள். படிப்பு குறைந்தது 8 மாதம் இருக்க வேண்டும். 2 வருஷத்துக்குக் குறைந்த டிப்ளோமா என்றால், படிப்பு எவ்வளவு காலமோ பெர்மிட்டும் அவ்வளவுதான். 2 வருஷமோ அதற்கு மேலோ என்றால் 3 வருஷம். மாஸ்டர்ஸ் டிகிரிக்கு, படிப்பு 2 வருஷத்தை விடக் குறைந்தாலும், 3 வருஷம் கிடைக்கலாம்.

சரி, ஒரு வருஷ டிப்ளோமா மலிவு என்று ஏஜென்ட் சொல்கிறார். யோசித்துப் பாருங்கள். அங்கேயே நிரந்தரமாகத் தங்க வேலை அனுபவத்தின் வழியாக விண்ணப்பிக்க, திறன் சார்ந்த வேலையில் 1,560 மணித்தியாலம், அதாவது ஏறக்குறைய ஒரு முழு வருஷம் வேண்டும். ஒரு வருஷ பெர்மிட்டை வைத்துக்கொண்டு வேலை தேடவே மூன்று நான்கு மாதம் போனால், மிச்சத்தில் அந்த மணித்தியாலங்களை எங்கே நிரப்புவது? என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், ஒரு வருஷப் படிப்புக்கு வாங்காதீர்கள்.

[திரையில்: கல்லூரிப் பட்டியல்]

அடுத்தது கல்லூரி. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரி எல்லாமே இந்த பெர்மிட்டுக்குத் தகுதியானது என்று நினைத்துவிட வேண்டாம். ஆஃபர் லெட்டரில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் எண் இருக்கும். கனடா குடிவரவுத் துறையின் இணையப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால், பெர்மிட்டுக்குத் தகுதியான படிப்புகள் அங்கே உண்டா என்பது கல்லூரியின் பெயருக்கு நேரே தெரியும். ஏஜென்ட் முன்னாலேயே போனை எடுத்துப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2024 நவம்பர் 1 முதல் இன்னும் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்திருக்கின்றன. டிகிரி அல்லாத டிப்ளோமா என்றால், படிப்பு அரசின் துறைப் பட்டியலில் இருக்க வேண்டும். சுகாதாரம், கட்டுமானத் தொழில்கள், விஞ்ஞானம், விவசாயம், போக்குவரத்து போன்றவை அதில் வரும். இங்கே அதிகம் விற்கப்படும் பொதுவான பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளோமா அதில் இல்லை. டிகிரிக்கு இந்தப் பட்டியல் கிடையாது.

மற்றது ஆங்கிலம். அட்மிஷனுக்கு எழுதிய ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையின் அகடமிக் பிரிவு இந்த பெர்மிட்டுக்குச் செல்லாது. ஐ.ஈ.எல்.டி.எஸ். என்றால் அதன் ஜெனரல் ட்ரெய்னிங் பிரிவைத் தனியாக எழுத வேண்டும். டிகிரி முடித்தவருக்கு நான்கு பகுதியிலும் 6 தேவை. காலேஜ் டிப்ளோமாவுக்கு வாசிப்பில் 4, மற்ற மூன்றிலும் 5 போதும். ரிசல்ட் 2 வருஷத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

[காட்சி: திறந்த கடவுச்சீட்டு, முடிவுத் திகதியில் விரல்]

அப்புறம், இந்தத் திகதி. என் மாமா மகன் 2 வருஷப் படிப்பை முடித்தவன். 3 வருஷம் வரும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தோம். வந்ததோ 1 வருஷமும் 8 மாதமும். அவனுடைய பாஸ்போர்ட் அந்த நாளோடு முடிகிறது, அவ்வளவுதான் காரணம். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, மிச்சக் காலத்துக்குத் திரும்பவும் விண்ணப்பித்து, திரும்பவும் காசு கட்டினான். உங்கள் பாஸ்போர்ட்டில் காலம் குறைவாக இருந்தால், கண்டியில் உள்ள பிராந்திய அலுவலகத்திலேயே புதிதாக எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாக நாள் கணக்கு. படிப்பு முடிந்ததாகக் கல்லூரி உறுதிப்படுத்திய நாளிலிருந்து விண்ணப்பிக்க 180 நாள் உண்டு. அதை நம்பி ஆறப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். படிப்பதற்குத் தரும் ஸ்டடி பெர்மிட்டில் பிந்திய திகதி அச்சாகியிருந்தாலும், படிப்பு முடிந்து 90 நாளில் அது காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகு அங்கே இருக்கவும் வேலை செய்யவும் அனுமதி இருக்காது. ஸ்டடி பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே வேர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டால், படிக்கும்போது வெளியில் வேலை செய்யத் தகுதி இருந்தவர்கள் பதில் வரும்வரை முழுநேரம் வேலை செய்யலாம். கட்டணம் 255 கனடா டொலர். கோர்ஸ் முடித்த கடிதமும் மார்க் ஷீட்டும் கைக்கு வந்த வாரத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அந்தக் காசை மட்டும், கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே தனியாக எடுத்து வையுங்கள்.