பூட்டிய அறையும் வெந்நீர்க் குவளையும்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் வசிக்கும் நாங்கள் ஒன்பது பேர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, அந்த மாதம் படித்த நூலைப் பற்றிப் பேசிக்கொள்வதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறோம். சென்ற கார்த்திகையில் நாங்கள் எடுத்துக்கொண்டது, உலகம் அழிந்த பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைபவர்களைப் பற்றிய ஒரு திகில் நாவல். அமெரிக்க எழுத்தாளர் கோர்மக் மெக்கார்த்தி எழுதி 2006-இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற 'தி ரோடு' என்பது அதன் பெயர். அதை விமர்சிக்க நான் இங்கு வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அதன் எந்தப் பக்கத்தில் பயந்தார்கள், எதற்காகக் கோபித்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன். ஏனெனில் அந்த நூலில் கொலையும் துரத்தலும் இருந்தும், எங்களை அதிகமாகக் கலங்கடித்தவை சோற்றைப் பற்றிய இடங்கள்தாம்.

கதை சிறியது. பெயர் சொல்லப்படாத ஒரு தந்தையும் அவருடைய சிறு மகனும், கடைகளில் சாமான் எடுத்து வைக்கும் தள்ளுவண்டி ஒன்றில் கம்பளிகளையும் மிச்சமிருக்கும் உணவையும் போட்டுக்கொண்டு, குளிருக்குத் தப்பித் தெற்கே கடலை நோக்கி நடக்கிறார்கள். சூரியன் தெரிவதில்லை, மரங்கள் செத்துவிட்டன, எங்கும் சாம்பல். ஒரு கைத்துப்பாக்கியும் இரண்டே குண்டுகளும் இருக்கின்றன. மனிதரைப் பிடித்துத் தின்னும் கூட்டங்கள் வழியில் திரிகின்றன. எங்கள் குழுவிலுள்ள கல்லூரி மாணவி, சாம்பல் படிந்த மரங்களைப் பற்றிப் படித்தபோது, மலையடிவாரத்து மாக்னசைட் சுரங்கப் பக்கம் வெள்ளைத் தூசி அப்பிக்கொண்டு நிற்கும் புளியமரங்களே தனக்குக் கண்முன் வந்ததாகச் சொன்னார். எங்களுக்கெல்லாம் அதன் பிறகு வேறு மரம் வரவில்லை.

பேச்சுகளுக்கு மேற்கோள்குறி இடவில்லை, யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை என்ற குறையை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார்: ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் எழுதியதைப் படித்துப் பழகிய இனத்துக்கு இது ஒரு சிரமமா என்று கேட்டார்.

ஆனால் இரண்டாவது குறையை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியவில்லை. உலகத்துக்கு என்னதான் நேர்ந்தது என்பதை நாவல் கடைசிவரை சொல்வதில்லை. கடிகாரங்கள் 1.17 மணிக்கு நின்றன, நெடிய ஒளி ஒன்று தெரிந்தது, அடுத்தடுத்துத் தாழ்ந்த அதிர்வுகள் கேட்டன என்பதோடு சரி. அணுகுண்டா, எரிமலையா, விண்கல்லா? ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக இருக்கும் நண்பர், நோய் என்னவென்று சொல்லாமல் சாவை மட்டும் வர்ணிப்பது வாசகனை ஏமாற்றும் வேலை என்று கோபமாகவே சொன்னார். மெக்கார்த்தியிடமும் இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். எதுவாகவும் இருக்கலாம், அது முக்கியமன்று, இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி என்ற பொருளில் 2009-இல் ஒரு பேட்டியில் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலைப் படித்துக் காட்டியும் ரைட்டர் சமாதானமடையவில்லை.

அப்போதுதான் தமிழாசிரியர் பாலையைக் கொண்டுவந்தார். பாலைக்கென்று தனியாக ஒரு நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயில் முறுகித் தம் நல்லியல்பை இழந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்வதை நினைவூட்டினார். பறித்துக்கொள்ள ஒன்றுமில்லாத வழிப்போக்கரையும் அம்பெய்து வீழ்த்தி, அவர் துடிப்பதைப் பார்த்து மகிழும் ஆறலைகள்வர் கலித்தொகையில் இருக்கிறார்கள். வீழ்ந்தவர் உடல்மேல் தழையையும் கல்லையும் குவித்த பதுக்கைகள் வழியெங்கும் கிடக்கின்றன. அந்தப் பாட்டில் மழை ஏன் பொய்த்தது என்று யாராவது விசாரித்தோமா என்று ஆசிரியர் கேட்டார். எனக்கு இந்த ஒப்பீடு பிடித்திருந்தது. ஆனாலும் முழுவதும் ஒப்ப முடியவில்லை, ஏனெனில் பாலையில் ஒரு மழை பெய்தால் முல்லை திரும்பிவிடும். மெக்கார்த்தியின் நிலத்தில் பெய்யும் மழையே சாம்பலாக இருக்கிறது.

ரைட்டருக்கு என் மனத்தில் எழுந்த பதில் வேறு. தாது வருஷப் பஞ்சம் என்று நாம் சொல்லும் 1876–78 பஞ்சம் அன்றைய சேலம் ஜில்லாவைக் கடுமையாகத் தாக்கியது. 1871-இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த ஜில்லாவின் மக்கள்தொகை, 1881-இல் 16 லட்சத்துக்கு இறங்கியதாகக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் ஆயா, தம் பாட்டியிடம் கேட்ட பஞ்சக் கதைகளை நான் சிறுவனாக இருந்தபோது சொல்லியிருக்கிறார். எறும்புப் புற்றைத் தோண்டி அதிலிருந்த தானியத்தைப் புடைத்து எடுத்ததைச் சொன்னார். அடுப்புப் புகை தெரிந்தால் ஆள் வந்துவிடும் என்று இரவில் கிழங்கு வேகவைத்ததைச் சொன்னார். பருவமழை பொய்த்ததையோ, தானியம் கப்பலேறியதையோ, நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலித் தானியத்தைச் சர்க்கார் குறைத்ததையோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அவற்றையெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். பிழைத்தவர்களின் வாய்வழி வந்த கதையில் காரணம் இல்லை, உணவு மட்டும் இருந்தது. இந்த நாவலும் அப்படித்தான் நினைவு வைத்துக்கொள்கிறது என்று சொன்னேன். ரைட்டர் தலையாட்டினார், ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

பெரிய வீடு ஒன்றில் தரையோடு பதித்த ஒரு கதவும் அதில் ஒரு பூட்டும் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் போனால் கூட்டத்தைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். நாள்கணக்கில் பட்டினி கிடக்கும் தந்தை, பூட்டியிருக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறார். திறக்க வேண்டாம் என்று பையன் கெஞ்சுகிறான். இது சாப்பாட்டு நேரத்தில் ஒலிபரப்பாகும் உரை என்பதால் உள்ளே கண்டதை நான் விவரிக்கவில்லை, அங்கே அடைத்து வைத்திருந்தது தானியமன்று, மனிதர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் குழுவிலுள்ள செவிலியர், இரவுப் பணி முடிந்து வந்து அந்தப் பக்கத்தைப் படித்தவர், புத்தகத்தை மூடிவிட்டு மூன்று நாள் தொடவில்லை. அவரைத் துன்புறுத்தியது அந்த அறை அன்று, உதவி கேட்டவர்களை அப்படியே விட்டுவிட்டுத் தந்தை மகனை இழுத்துக்கொண்டு ஓடியதுதான். 'அந்த ஆளை என்னால் மன்னிக்க முடியலைங்க' என்றார். பக்கத்தில் குழந்தை நிற்கும்போது வேறு என்ன செய்வது என்று ஏழெட்டுக் குரல்கள் எழுந்தன. அவர் யாருக்கும் மறுமொழி சொல்லவில்லை, ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

நாவலின் முடிவு கொஞ்சம் வசதியாக அமைந்துவிட்டது என்று சிலரும், அதுவும் இல்லாவிட்டால் நூலைத் தூக்கி எறிந்திருப்போம் என்று சிலரும் சொன்னார்கள். முடிவை இங்கே உடைக்க விரும்பாததால் அதை விட்டுவிடுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார். நான் முன்பு சொன்ன மாணவியின் தந்தை அவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். இரவில் அவர் கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைத்துக்கொண்டிருக்க, மகள் அருகில் அமர்ந்து அன்று படித்ததைக் கதையாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: 'ஏம் பாப்பா, இன்னைக்கு அதுங்க ரெண்டும் சாப்பிட்டுச்சா?' நாவலில் ஓரிடத்தில், கடைசியாக மிஞ்சிய கோகோப் பொடியைத் தந்தை மகனுடைய குவளையில் கரைத்துக் கொடுத்துவிட்டுத் தமக்கு வெறும் வெந்நீரை ஊற்றிக்கொள்கிறார். பையன் அதைக் கண்டுபிடித்துவிடுகிறான், இப்படிச் செய்யமாட்டேன் என்று சொன்னீர்களே என்று கேட்கிறான். மகள் இதைச் சொன்ன இரவில் பட்டறைக்காரர் தீயை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். எங்களிடம் அதற்குக் காரணத்தைச் சொன்னார். அவருடைய தாயார், வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு பானையில் கிடக்கும் நீச்சத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே முந்தானையில் கையைத் துடைப்பாராம். 'அந்தப் பையன் கேட்டுட்டான். எனக்கு நாப்பது வயசு வரைக்கும் தெரியவே இல்லைங்க' என்றார்.

ஏற்காட்டில் மாலை ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. சேலத்துக்காரர்கள் ஆறு பேரும் ஒரு வேனில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தோம். யாரும் பேசவில்லை. பாதி வழியில், சாக்கு மூட்டையோடு ஒருவர் பனியிலிருந்து கையை நீட்டினார். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக யோசிக்காமல் ஏற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள், அன்றைக்கு ஓரிரு கணம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செவிலியர்தான் எட்டிக் கதவைத் திறந்தார். மூட்டையில் சௌசௌ இருந்தது. அடிவாரத்தில் இறங்கும்போது அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'ஏனுங்க, எழவு வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா?' என்று கேட்டார்.

வணக்கம்.