சுமேரை எழுப்பியது மண்வெட்டி

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

'சுமேரிய நாகரிகம் எழுந்தது ஆற்றின் கொடையாலா, மக்களின் உழைப்பாலா?' இதுதான் தலைப்பு. சுமேர் என்பது இன்றைய ஈராக்கின் தெற்கே இருந்த பழம்பெரும் நாடு. உழைப்பால்தான் என்று வழக்காட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைத் துணைக்கு அழைத்தார். "எகிப்து நைல் நதியின் கொடை என்று அந்தக் கிரேக்கர் சொல்லவில்லையா? அதுபோல சுமேர் யூப்ரடீஸ் தந்த கொடை" என்றார். கைதட்டலும் பலமாக விழுந்தது. நானும் அந்த நைலிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த நாளில் நைல் எப்போது பெருகியது? ஆடியில் ஏறி, ஆவணி, புரட்டாசியில் கரைபுரண்டு, ஐப்பசியில் வடிந்தது. வடிந்த ஈர வண்டலில் விதை போட முடிந்தது. எகிப்து உழவரும் கரை கட்டி உழைத்தவர்கள்தான். ஆனால் அவர்களுடைய ஆறு பயிரின் நாள் பார்த்து வந்தது.

யூப்ரடீஸும் டைகிரிஸும் அப்படியா வந்தன? அவை துருக்கி மலைப் பனி உருகி வரும் ஆறுகள். அவற்றில் வெள்ளம் வருவது பங்குனி, சித்திரையில். தெற்கு ஈராக்கில் பார்லி விதைப்பதோ ஐப்பசி வாக்கில். விதைக்கிற நேரத்தில் ஆறு அடிமட்டத்தில் கிடக்கும். கதிர் முற்றித் தலைசாய்ந்து அரிவாளுக்குக் காத்திருக்கும்போது வெள்ளம் வந்து நிற்கும். தண்ணீர் வேண்டும்போது இல்லை, வேண்டாதபோது வீடு தேடி வருகிறது. நடுவர் அவர்களே, இதற்குப் பெயர் கொடையா?

சரி, மழையாவது உண்டா? மானாவாரிப் பயிருக்கு ஆண்டுக்கு 200 மில்லிமீட்டராவது வேண்டும். அங்கே பெய்வது 150கூடத் தேறாது. வீடு கட்டக் கல் இல்லை, உத்தரத்துக்கு நல்ல மரம் இல்லை, உலோகம் இல்லை. இருந்தவை களிமண்ணும் நாணலும் மனிதனின் இரண்டு கைகளும்தான். அந்தக் கைகள் எழுப்பிய உருக் நகரம் கி.மு. 3100 வாக்கிலேயே சுமார் 250 ஹெக்டேருக்குப் பரந்து, உலகின் முதல் பெருநகரங்களில் ஒன்றாக நின்றது.

எதிரணி வண்டல், வண்டல் என்று மூச்சுக்கு மூன்று முறை சொன்னார்கள். வயலில் படிந்தால் அது வண்டல். வாய்க்காலில் படிந்தால் அதற்குப் பெயர் தூர். வயலை வளமாக்கிய அதே மண்தான் ஒவ்வொரு ஆண்டும் கால்வாயை அடைத்தது. சில ஆண்டுகள் தூர் வாராமல் விட்டால் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. கால்வாய் வெட்டியதோடு வேலை முடியவில்லை. வெட்டிய தலைமுறைக்குப் பின் வந்த அத்தனை தலைமுறையும் இடுப்பளவு சேற்றில் இறங்கி அதை அள்ளிக்கொண்டே இருந்தது.

இந்த வேலை எவ்வளவு கொடியது என்பதற்கு நான் சாட்சி தேட வேண்டாம், சுமேரியரே சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய படைப்புக் கதை ஒன்றில், முதலில் கால்வாய் வெட்டியவர்கள் தெய்வங்கள். கூடை சுமந்து, மண்ணைக் குவித்து, தாங்க முடியாமல் முறையிடுகிறார்கள். அந்தச் சுமையை இறக்கி வைக்கத்தான் என்கி என்ற தெய்வத்தின் யோசனையால் களிமண்ணிலிருந்து மனிதன் உருவாக்கப்படுகிறான். தெய்வங்களுக்கே ஓயாத அந்தக் கூடையைச் சுமக்கத்தான் நாம் பிறந்தோம் என்று ஒரு சமூகம் தன் பிறப்புக்கே காரணம் எழுதி வைத்திருக்கிறது! ஆறு எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் இப்படி ஒரு கதை அவர்கள் மனத்தில் ஏன் பிறக்க வேண்டும்?

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை இருக்கிறது. கி.மு. 2500 வாக்கில் லகாஷ் என்ற சுமேரிய நகரத்தின் அரசன் ஊர்-நான்ஷே செதுக்கச் செய்தது. அரசன் தலையில் கிரீடம் இல்லை. கோயில் கட்டுமானத்துக்கான கூடையைத் தலையில் சுமந்து நிற்கிறான், பிள்ளைகள் எதிரே வரிசையில் நிற்கிறார்கள். தன்னை எப்படி நினைவில் வைக்க வேண்டும் என்று யோசித்த ஒரு மன்னன் தேர்ந்தெடுத்த கோலம் அது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "எழுத்தைக் கண்டது சுமேர், அந்த வளத்தைக் கொடுத்தது ஆறு" என்றார். அந்த எழுத்து எதை எழுதிற்று? உருக்கில் கிடைத்த ஆரம்பகாலக் களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குகள். இவ்வளவு பார்லி, இவ்வளவு ஆடு, இன்னாருக்கு இவ்வளவு படி. ஆயிரம் ஆண்டு கழித்து, 'ஊர்' என்றே பெயர் கொண்ட சுமேரிய நகரத்து மன்னர்கள் காலத்தில், அரசாங்க வேலை செய்த ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி; ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். பெண்ணுக்கோ பெரும்பாலும் 30 முதல் 40 சிலாதான். கம்பளி நெய்த ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தப் படியில்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். மலைநாட்டு உலோகமும் கல்லும் வாங்க அவர்கள் நெய்த துணியும் கடல் கடந்து போயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. எழுத்து பிறந்ததே உழைப்பவருக்கு என்ன அளப்பது என்று கணக்கு வைக்கத்தான் என்றால், அந்த எழுத்தின் புகழில் அவர்களுக்குப் பங்கில்லையா?

மூன்றாவதாக ஒரு வாதம் வந்தது, வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். "யூப்ரடீஸ் தடம் மாறியது, ஊர் நகரம் பாலையானது. ஆறு போனதும் எல்லாம் போயிற்றே" என்றார்கள். தண்ணீர் இல்லாமல் வாழலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த நகரம் அழிவதற்கு முன் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கே மக்கள் வாழ்ந்தார்களே, ஆற்றை நம்பி வாய் பிளந்தா உட்கார்ந்திருந்தார்கள்? லகாஷும் அதன் அண்டை நகரமான உம்மாவும் எல்லை நிலத்துக்கும் வாய்க்காலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. கி.மு. 2400 வாக்கில் லகாஷ் மன்னன் என்மெதேனா டைகிரிஸிலிருந்து எல்லைக் கால்வாய் அமைத்ததைக் களிமண் கூம்பில் எழுதி வைத்தான். ஊர்-நம்மு மன்னனின் சட்டத்தில், அடுத்தவன் வயலை நீரில் மூழ்கடித்தவன் நிலத்தின் அளவுக்குப் பார்லி அளக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அங்கே சட்டமாகும் அளவுக்குப் பெரிய பொறுப்பு. கரையையும் கால்வாயையும் பார்த்துவிட்டு நீரை விடு, வயலில் அதிகம் ஏற விடாதே என்று உழவனுக்குச் சொல்லும் ஒரு முழு அறிவுரை நூலே சுமேரிய மொழியில் கிடைத்திருக்கிறது. ஒரு பருவம் விதைத்த நிலத்தை அடுத்த பருவம் தரிசு போட்டு உப்பு ஏறாமல் காத்தவர்கள் அவர்கள். அந்த அறிவை எந்த ஆறு சொல்லிக் கொடுத்தது?

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு பொருளைக் காட்டி அமர்கிறேன். உருக்கில் தோண்டிய இடமெல்லாம் ஒரு கிண்ணம் கிடைக்கிறது. சாய்ந்த விளிம்பு, அச்சில் அழுத்திய முரட்டு மண், அழகு எதுவும் கிடையாது. வேலையாட்களுக்குப் படி அளக்க வைத்திருந்தது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். சுமேரிய எழுத்தில் 'உண்' என்பதற்கான குறி என்ன தெரியுமா? ஒரு மனிதத் தலை, அதன் வாயருகே அப்படி ஒரு கிண்ணம். பெயர் எழுதப்படாத அந்த முகத்துக்காகத்தான் எங்கள் அணி இங்கே நிற்கிறது. தீர்ப்பை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.