இந்த ஆண்டு காசிமேட்டு இறால் வீடியோ ஏன் இல்லை

வணக்கம். ஜூன் 14ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது, விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பியும் விட்டன, காசிமேட்டு இறால் வீடியோ எங்கே என்று என்னைப் பிய்த்து எடுக்கிறீர்கள். வராது. இனி எந்த ஆண்டும் வராது. எனக்கு இறால் அலர்ஜி. 47 வயதில்!

நம்ப முடியவில்லையா? ராயபுரத்தில் பிறந்தவள் நான். பருப்புச் சோற்றுக்கு முன்னால் இறால் தொக்கு சாப்பிட்டிருப்பேன் என்று அம்மா சொல்வார். அதனால்தான் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இத்தனை வருடம் சாப்பிட்டாயே, அப்போது வராதது இப்போது எப்படி வரும்?" என் நாத்தனார் ஒரு படி மேலே போய், "அது கெட்டுப்போன இறாலாக இருக்கும் அண்ணி" என்றார். நான் கெட்ட இறால் வாங்குவேனா? தலையைப் பார்த்து, ஓட்டைப் பார்த்து, முகர்ந்து வாங்குகிறவள் என்று இதைப் பார்க்கும் உங்களுக்குத் தெரியும், என் குடும்பத்துக்குத் தெரியவில்லை. உடம்பில் இருந்த தடிப்பைவிட அந்தப் பேச்சுதான் அதிகமாக அரித்தது.

நடந்தது இதுதான். ஜனவரியில் ஓர் இரவு, வழக்கமான தொக்கு. நான்கு வாய் போவதற்குள் மேலண்ணம் நமநமவென்றது. மிளகு கூடிவிட்டது என்று நினைத்தேன். பிறகு உள்ளங்கை, வயிறு, முதுகு என்று தடிப்புத் தடிப்பாக எழுந்தது. கண்ணாடியில் பார்த்தால் கீழுதடு வேறு யாருடையதோ போலத் தொங்கியது. பக்கத்து மருத்துவமனையில் ஊசி போட்டார்கள், அடங்கியது. "ஃபுட் பாய்சன்" என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். வாந்தியும் இல்லை, பேதியும் இல்லை. அதே தொக்கைச் சாப்பிட்ட மற்றவர்கள் குறட்டை விட்டுத் தூங்கினார்கள். இது எந்த ஊர் ஃபுட் பாய்சன்?

அதற்குப் பிறகுதான் அலர்ஜி டாக்டரிடம் போனேன். அந்த அம்மாளை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, கேள்வி கேட்கத் தெரிந்தவர். முதல் கேள்வி, "ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" அதில் ஒரு வகை மாத்திரை உதட்டை வீங்க வைக்குமாம். நான் சாப்பிடுவதில்லை. பிறகு சோதனைக்கு நாள் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வரும்போது பச்சை இறாலும் வேகவைத்த இறாலும் கொண்டுவாருங்கள் என்றார். எவர்சில்வர் டப்பாவில் இறாலை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். காத்திருக்கும் அறையில் எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே இருந்தது.

முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு துளி மருந்து. அதன் மேல் சின்ன ஊசிமுனையால் ஒரு குத்து, ரத்தம்கூட வராது. என் இறாலை முதலில் குத்தி, அதே முனையால் என்னைக் குத்தினார். பதினைந்து நிமிடம் சொறியாமல் உட்கார வேண்டும், அதுதான் கொடுமை. ஒரு துளி வெறும் உப்புநீர், அது வீங்கக் கூடாது. இன்னொரு துளி ஹிஸ்டமின், அலர்ஜி வந்தால் உடம்பே வெளிவிடும் பொருள், அது வீங்கியே ஆக வேண்டும். இரண்டும் ஒழுங்காக நடந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். உப்புநீரைவிட மூன்று மில்லிமீட்டர் அதிகமாக வீங்கினாலே கணக்கில் சேரும். எனக்கு இறால் ஒன்பது. வஞ்சிரம் பூஜ்யம், அங்கேயே கும்பிட்டேன். தூசிப்பூச்சி பதினொன்று!

ஆமாம், தூசிப்பூச்சி. மெத்தையில், தலையணையில், கண்ணுக்குத் தெரியாமல் நம் தோல் உதிரியைத் தின்று வாழும் ஜந்து. அதன் தசையில் டிரோபோமயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. இறாலிலும் நண்டிலும் கரப்பான்பூச்சியிலும்கூட ஏறக்குறைய அதே புரதம்தான். தூசிப்பூச்சியை எதிர்த்து உடம்பு தயார் செய்த ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருள் ஒருநாள் இறாலையும் அதே திருடன் என்று பிடித்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் இப்படித்தான் தொடங்கும் என்று சொல்ல முடியாது, என் விஷயத்தில் வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். காலையில் எழுந்ததும் நான் அடுக்கடுக்காகத் தும்முவது பழைய வீடியோக்களிலேயே கேட்கும். மீனில் பிரச்சினை செய்வது வேறு புரதம், அதனால் வஞ்சிரம் பிழைத்தது. டிரோபோமயோசின் வேகவைத்தாலும் அழியாது, கொதிக்கும்போது ஆவியிலும் வரும். ஆகவே நான் சமைத்து மற்றவர்களுக்குப் பரிமாறும் கதையும் முடிந்தது.

நாத்தனாருக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 40,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேட்டு 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. உணவு அலர்ஜி உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் உணவு, வளர்ந்த பிறகுதான் சேராமல் போயிருக்கிறது. முதலிடம் இறால், நண்டு வகைக்கு. போதுமா?

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். ஜனவரி இரவுக்குத் திரும்ப வேண்டும். அன்று மாலை முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபன் போட்டிருந்தேன். டாக்டர் அதைத் தோண்டி எடுத்தார். இந்த மாதிரி வலி மாத்திரை, மது, சாப்பிட்டவுடன் கடும் உடற்பயிற்சி, இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அரைகுறையாக இருந்த அலர்ஜி பெரிதாக வெடிக்கலாம். இந்த வயதில் யார் வீட்டில் வலி மாத்திரை இல்லை, சொல்லுங்கள்.

இப்போது மெத்தை உறைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இன்று கேமராவையே எடுத்தேன். தும்மலுக்காக, தூசிப்பூச்சி நுழையாத நெருக்கமான நெசவில் உறை போடச் சொன்னார் டாக்டர். உறை போட்டால் இறால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். சிரித்தார். சரி, இணையத்தில் வாங்கினேன். 1,899 ரூபாய். எங்கள் வீட்டில் இருப்பது இலவம்பஞ்சு மெத்தை, என் கல்யாணத்துக்கு அப்பா ஆள் வைத்துத் தைத்தது. நீள அகலம் சரியாகத்தான் அளந்தேன். ஆனால் இலவம்பஞ்சு நடுவில் தொந்தி போட்டிருக்கும் அல்லவா? ஜிப் முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. ஒருவர் மெத்தை மேல் முழங்காலால் அழுத்த, இன்னொருவர் இழுக்க, ம்ஹூம். திருப்பி எடுங்கள் என்றால், பிரித்துவிட்டீர்கள், சுகாதாரப் பொருள், எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பிரிக்காமல் எப்படிப் போட்டுப் பார்ப்பது? 1,899 ரூபாய்! நல்ல வஞ்சிரம் ஒரு கிலோ வாங்கி, மீதிக்குச் சங்கராவும் வாங்கியிருப்பேன்.

கடைசியில் தெருமுனைத் தையற்காரர்தான் காப்பாற்றினார். கூட வந்த இரண்டு தலையணை உறைகளில் ஒன்றை வெட்டி, ஓரம் முழுக்க நான்கு விரல் பட்டி கொடுத்து, ஜிப்பை மாற்றித் தைத்தார். 120 ரூபாய். இப்போது ஒரே இழுப்பில் மூடுகிறது, இதோ பாருங்கள், இன்னொரு தரம் காட்டுகிறேன். வெட்டியது என் கணவருடைய தலையணை உறை. அவருக்கு அலர்ஜி இல்லை.

படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். அந்த ஜந்து தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். கடலோரச் சென்னையில் அதற்குக் கசக்குமா?

ஹோட்டல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ரைடு ரைஸில் இறால் வேண்டாம், அலர்ஜி என்றால், "எடுத்துவிட்டுத் தருகிறேன் அக்கா" என்று இறாலைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொண்டுவராதீர்கள். இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனைப் பொரிக்காதீர்கள். பாக்கெட் உணவில் இறால், நண்டு இருந்தால் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது, எழுத்துதான் எறும்பு அளவு. வீட்டில் சென்னாக்குன்னிப் பொடியும் போயாயிற்று, அதுவும் காய்ந்த குட்டி இறால்தானே.

இன்னொன்று. உதடு, நாக்கு வீங்கி மூச்சும் இறுகினால், தலை சுற்றினால், அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். அப்போது வேண்டியது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. 108ஐ அழையுங்கள்.

கணவாய்? தெரியும், கேட்பீர்கள். அதிலும் டிரோபோமயோசின் உண்டு, ஆனால் கொஞ்சம் வேறுபட்டது. சிலருக்கு ஒத்துக்கொள்ளும். வீட்டில் பரீட்சை செய்யக் கூடாது. மருத்துவமனையிலேயே ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த மாதம் போகிறேன். கேமராவை உள்ளே விட மாட்டார்களாம், இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.