அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் எழுதப் போகிறீர்களா?

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கான வீடியோ இது. முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: மெயிலை மாணவர்தான் எழுத வேண்டும். அப்பாவோ அம்மாவோ பிள்ளையின் பெயரில் எழுதவே கூடாது. கட்டணம், நிதியுதவி பற்றிப் பெற்றோருக்குச் சந்தேகம் என்றால் அவர்கள் பெயரிலேயே கேட்கலாம், தப்பில்லை.

சரி, யாருக்கு எழுதுவது? பல கல்லூரிகளில், விண்ணப்பிப்பவர்களின் நாடு அல்லது பகுதி வாரியாக ஓர் அலுவலர் இருப்பார். பெரும்பாலும் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவரும் அவரே. இணையதளத்தில் அவர் பெயரைத் தேடி எடுத்து, அவருக்கு மட்டும் எழுதுங்கள். ஒரே கேள்வியை ஆபீஸில் எல்லோருக்கும் தட்டிவிட வேண்டாம்.

(திரையில் ஒரு மெயில். பொருள்: "மதிப்பெண் பட்டியல் குறித்து – விண்ணப்ப எண்ணுடன்")

இந்தப் பொருள் வரியைப் பாருங்கள். திறக்காமலே விஷயம் புரிகிறது. உள்ளே முழுப்பெயர், பள்ளி, எந்த ஆண்டுச் சேர்க்கை, அப்புறம் ஒரே கேள்வி: "எங்கள் பள்ளியில் அரையாண்டு மதிப்பெண் பிப்ரவரியில்தான் வரும். அதை எப்படி அனுப்பட்டும்?" இதற்கு இணையதளத்தில் பதில் இருக்காது. கேட்கத் தகுந்த கேள்வி. கடைசித் தேதி எது என்று கேட்டால், தளத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். காமன் ஆப்பில், அதாவது பல கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பத்தில், கொடுத்த அதே மெயில் முகவரியிலிருந்து அனுப்புங்கள், உங்கள் கோப்பைத் தேடி எடுக்க அவர்களுக்குச் சுலபம்.

அடிக்கடி எழுதினால் ஆர்வம் தெரியும், இடம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். விண்ணப்பதாரரின் ஆர்வத்தைக் கல்லூரி கணக்கில் எடுக்கிறதா என்பதை அது வெளியிடும் 'காமன் டேட்டா செட்' அறிக்கையில், சி7 பகுதியில் பார்க்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) எடுப்பதில்லை. எடுக்கும் கல்லூரியிலும், கேள்வியே இல்லாமல் எழுதும் மெயில் உதவாது.

ஆவணம் வரவில்லை என்று போர்ட்டல், அதாவது உங்கள் விண்ணப்ப நிலையைப் பார்க்கும் கல்லூரித் தளம், காட்டுகிறதா? பதறாதீர்கள். கடைசித் தேதியை ஒட்டி ஆவணங்கள் குவியும், பதிவேற நாளாகும். ஓரிரு வாரம் பொறுத்து, அப்போதும் வரவில்லை என்றால் எழுதுங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்தால், கல்லூரி அனுமதித்தால் மட்டும், புதிய செய்தியோடு ஒரே ஒரு கடிதம். நிராகரித்துவிட்டால் வாதாட வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் போலச் சிலவே மேல்முறையீட்டை ஏற்கின்றன, அங்கும் புதிய தகவல் இருக்க வேண்டும்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று. பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் சேர முடிவு செய்ததும், இடம் கொடுத்த மற்ற கல்லூரிகளின் போர்ட்டலில் வேண்டாம் என்று பதிவு செய்துவிடுங்கள். உங்களுக்கு உதவிய அலுவலருக்கு இரண்டு வரி நன்றியும் எழுதுங்கள். நீங்கள் விடும் இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு பிள்ளை இருக்கலாம்.