காய்ச்சலோடு பேச்சும் மாறினால்

வணக்கம். மூளைக் காய்ச்சல் என்றதும் எல்லோரும் கொசுவைத்தான் நினைக்கிறோம். அதில் நியாயம் உண்டு. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் நோயாளிகளை இந்தியாவில் முதன்முதலில் கண்டறிந்ததே 1955-இல், நம் வேலூரில்தான். வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு. வந்தபின் வைரஸை அடக்கும் மருந்து இல்லை.

நான் பேச வந்தது மருந்து இருக்கிற இன்னொன்றைப் பற்றி. உதட்டோரம் கொப்புளம் வருமே, அதே ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ். நம்மில் பலருடைய நரம்புகளில் அது சும்மா கிடக்கிறது. எப்போதோ ஒருவருக்கு மட்டும் மூளைக்குள் போய்விடுகிறது. மழைக்காலம், வெயில்காலம் என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது.

பெரும்பாலும் அது தாக்குவது காதுக்கு முன்னால், நெற்றியோரத்துப் பொட்டுக்கு உள்ளே இருக்கிற மூளைப் பகுதியை. நினைவும் பேச்சும் குலைவது அதனால்தான். "ரெண்டு நாளா காய்ச்சல், தலைவலி டாக்டர். இன்னிக்குக் காலையில என்னையே யாருன்னு கேக்குறாரு" என்று மனைவி வந்து சொல்வார். சிலர் இல்லாத நாற்றம் அடிக்கிறது என்பார்கள். அப்புறம் வலிப்பு. இதைக் காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போய் இரண்டு நாளை இழக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால், சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுவார்கள். இந்த வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிர் மருந்து வந்தபின் அது மூன்றில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ரத்தக்குழாய் வழியாக, 14 முதல் 21 நாள். மாத்திரை போதாது. சந்தேகம் வந்தவுடனே தொடங்க வேண்டும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனை 'இல்லை' என்று வந்தாலும், சந்தேகம் தீராவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும்.

அந்தப் பரிசோதனைக்கு முதுகிலிருந்து நீர் எடுப்போம். "முதுகுல குத்தினா கால் போயிடும்" என்று கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. தயவுசெய்து பயப்படாதீர்கள்.

பிழைத்தவர்களில் பலருக்கு நினைவு முழுதாகத் திரும்புவதில்லை. கல்யாணத் தேதியைச் சரியாகச் சொல்வார். காலையில் சாப்பிட்ட இட்லி நினைவிருக்காது. வீட்டார் கோபப்படக் கூடாது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

சரி, இன்னொன்று. தேறி வீடு திரும்பிய சில வாரங்களில் குணம் திடீரென்று மறுபடி மாறினாலோ, கை கால் தானாக அசைந்தாலோ உடனே கூட்டி வாருங்கள். சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளைக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. அதற்கு சிகிச்சை வேறு, ஆனால் இருக்கிறது.