விதண்டாவாதம் செய்தது யார்?

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பின்பக்கக் கதவை இரவில் பூட்டிவிடலாம் என்றேன். ஒரு பெரியவர் கூடாது என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், விதண்டாவாதம் பண்ணாதீங்க" என்றேன். அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அப்புறம்தான் தேடினேன். பழைய நியாய நூலார், அதாவது தர்க்க சாஸ்திரக்காரர்கள், விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். உண்மையைக் கண்டறியப் பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலையும் இல்லாமல், அடுத்தவர் சொல்வதை உடைப்பது மட்டுமே விதண்டை. பெரியவருக்கோ தெளிவான நிலை இருந்தது: தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி வேண்டும். அதைச் சொல்லி முடிக்க நான் விடவில்லை. அன்றைக்கு ஜல்பம் செய்தவன் நான்.

அந்த மரபில் இன்னொரு ஒழுங்கும் உண்டு. எதிர்த் தரப்பை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். அதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். தமிழில் 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் 'பரபக்கம்' என்று தனிப் பகுதியே இருக்கிறது. மாற்றுக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, பிறகு மறுக்கும். மறுப்பில் தயவு தாட்சண்யம் கிடையாது! மரியாதை என்றால் மழுப்புவது என்று நினைப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரிகிறது. "நீங்க சொல்றது இதுதானே?" என்று கேட்கும்போதே குரலில் கிண்டல் ஏறிவிடுகிறது. அவர் சொன்னதைக் கொஞ்சம் அசட்டுத்தனமாக்கித்தான் திருப்பிச் சொல்கிறோம், அப்போதுதானே அடிக்க வசதி! "ஆமாம், அதுதான்" என்று அவர் வாயாலேயே வர வேண்டும். அப்படி வந்ததும் சில சண்டைகள் அங்கேயே கரைந்துவிடும். மற்றவை உண்மையான கருத்து வேறுபாடுகள். அவற்றுக்கு வாக்கெடுப்பு இருக்கிறது.

கதவு விஷயம் இன்னும் முடியவில்லை. பூட்ட வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அடுத்த கூட்டத்தில் உங்கள் தரப்பை முதலில் நானே சொல்கிறேன் என்றும் சொன்னேன். போன வாரம் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"என் கட்சியை நல்லாப் படிச்சிட்டு வா தம்பி. தப்பாச் சொன்னா எழுந்திருச்சிடுவேன்."


நன்றி, வணக்கம்.